உப்புத் தண்ணி, செம்பு அண்டா, 47 சரக்கு: ஒரு குளியலறைக்குள் இத்தனை சங்கதியா? தெரியுமா?

மாதவி ஒரு தடவை குளித்து எழுந்திருக்க எத்தனை சரக்கு வேண்டியிருந்தது, தெரியுமா? 47! சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இளங்கோவடிகள் மளிகைச் சீட்டுப் போலக் கணக்கு வைத்திருக்கிறார். துவர்ப்புப் பொருள்கள் 10, வாசனைப் பொருள்கள் 5, ஓமாலிகைச் சரக்குகள் 32. இத்தனையும் ஊறிய நீரில் கூந்தலை அலசி, அப்புறம் அகில் புகை வேறு! நாம் என்னடாவென்றால் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டே, "பழைய முறையில் பாரம்பரியமா ஒரு பாத்ரூம் கட்டணும்" என்கிறோம்.

கட்டலாம், நல்ல ஆசைதான். ஆனால் எந்தப் பாரம்பரியம்? விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் செட்டிநாட்டு வீட்டுப் படங்களை போனில் சேர்த்து வைத்துக்கொண்டு கொத்தனாரிடம் நீட்டுகிறார்கள். செட்டிநாடு அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏழாயிரம்பண்ணைக்கென்று தனியாக ஒரு குளியலறை முறையே உண்டு. அதற்குப் பிளான் போட்டுக் கொடுத்தவர்கள் மூன்று பேர்: உப்புத் தண்ணி, கரிசல் மண், வெயில். அவர்களைக் கேட்காமல் எந்த டைல்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் காசு தண்டம்.

முதல் அதிர்ச்சி இதோ. பாட்டன் பூட்டன் காலத்துத் தரை என்று நாம் கொண்டாடுகிற ரெட் ஆக்சைடு தரைக்கும், ஆத்தங்குடிப் பூக்கல்லுக்கும் ஆதாரம் சிமென்ட். போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான்! இந்தியாவில் அதைத் தயாரிக்கும் தொடக்க முயற்சிகளில் ஒன்று எங்கே நடந்தது தெரியுமா? நம்ம சென்னையில், 1904-ல், கடற்சிப்பியை வைத்து! அந்த முயற்சி நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ஆக, கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக 1799-ல் பாளையத்தையே கும்பினிக்காரனிடம் பறிகொடுத்தாரே ஏழாயிரம்பண்ணைப் பாளையக்காரர், அவர் ரெட் ஆக்சைடு தரையில் கால் வைத்திருக்கவே முடியாது. சுண்ணாம்பும் கருங்கல்லும்தான் அவர் காலத்துப் பாரம்பரியம்.

ஆத்தங்குடிக் கல் சூளைக்கே போவதில்லை, தெரியுமா? ஒரு துண்டுக் கண்ணாடியைக் கீழே வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டம் மாட்டுகிறார்கள். உள்ளே பூ அச்சு இறங்கும். அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தூக்கினால் பூ கலையாமல் நிற்கிறது! மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பி, மட்டம் தட்டிக் காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். ஊறியபின் கண்ணாடி விலகும். கல்லின் முகத்தில் மினுமினுக்கும் அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடியிடம் வாங்கியது. பாலீஷ் கிடையாது, நெருப்பு கிடையாது.

அத்தனை அழகையும் குளிக்கிற இடத்தில் போட்டால் என்ன ஆகும்? இந்தப் பேச்சைக் கேளுங்கள்.

"கொத்தனாரே, பூக்கல்லையே பாத்ரூம்லயும் போட்டுருவோமா?"

"போடலாம் தாயி. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுட்டு ஒரு எட்டு எடுத்து வச்சீகன்னா நேரா கோவில்பட்டி ஆஸ்பத்திரிதான்."

அவர் சொல்வதுதான் சரி. எண்ணெயும் சீயக்காய்க் குழம்பும் பட்ட மழமழப்புத் தரை எமன். இன்னொன்று, சிமென்டுக்கு ஆசிட் ஆகாது. வாராவாரம் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீட்டில் பூக்கல்லின் முகம் சீக்கிரமே வெளுத்துவிடும். பூக்கல்லைக் கை கழுவும் இடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பதியுங்கள், அழகுக்கு அழகு. கால் வைக்கிற இடத்துக்கு உளியால் கொத்துவிட்ட கருங்கல் பலகைதான். அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் கொத்துவிட்ட அதே கைகள் அந்தக் காலத்துக் கிணற்றடிக் கல்லையும் கொத்திக் கொடுத்தன. வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் இருக்கட்டும். அதில் கஞ்சத்தனம் பண்ணினால் காலம் பூராவும் தண்ணியைத் துடைப்பத்தால் தள்ள வேண்டியதுதான்.

ரெட் ஆக்சைடு தரைக்கும் கம்பி மத்தாப்புக்கும் சொந்தம், தெரியுமா? மத்தாப்பிலிருந்து பொன்பொன்னாகச் சிதறுவது எரிகிற இரும்புத் தூள். எரிந்து முடிந்து மிஞ்சுவது இரும்பு ஆக்சைடு. தரைக்குச் சிவப்பு கொடுப்பதும் இரும்பு ஆக்சைடுதான், பச்சையாகச் சொன்னால் துரு! கூடத்துக்கு அந்தத் தரை பொருத்தமே. குளிக்கிற இடத்துக்கு வேண்டாம், காரணம் மேலே கொத்தனார் சொன்னதுதான்.

இப்போது பெரிய ஆச்சரியத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை, தெரியுமா? கரிசல் காட்டுப் போர்த் தண்ணியில் பல இடங்களில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு தண்ணீரில் விழுந்ததும் இந்தச் சுண்ணாம்பு ஓடிவந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. நுரையாக வேண்டியது தண்ணீரில் கரையாத வெள்ளைப் பிசுக்காகிப் பக்கெட் ஓரத்திலும் தலைமுடியிலும் அப்பிக்கொள்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 600 வரை போகலாம் என்று ஒரு சலுகை.

இதே சுண்ணாம்பைத்தான் இதே மாவட்டம் லாரி லாரியாக விற்கிறது என்பதைக் கவனித்தீர்களா? பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கம். சாத்தூர் போகிற வழியில் ஆர்.ஆர். நகரில் சிமென்ட் ஆலை. சோப்பைக் கெடுக்கிற சுண்ணாம்பு, ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறது!

அதோடு முடியவில்லை. மொராக்கோ நாட்டில் மராக்கேஷ் என்று ஒரு பழைய நகரம். அங்குள்ள குளியல் கூடங்களின் சுவர்கள் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. டைல்ஸ் இல்லை, பெயின்ட் இல்லை. சுண்ணாம்புப் பூச்சை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்தேய் என்று தேய்த்து, அதன் மேல் ஆலிவ் எண்ணெயில் செய்த சோப்பைப் பூசுகிறார்கள். சுண்ணாம்பும் சோப்பும் கூட்டுச் சேர்ந்து கரையாத படலமாகி, சுவர் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. 'தாதெலாக்ட்' என்று பெயர். நம் பக்கெட் ஓரத்தில் திட்டிக்கொண்டே சுரண்டுகிறோமே, அந்த வெள்ளைப் பிசுக்கும் இதுவும் வேதியியலில் ஒன்றேதான்! வெளிநாட்டுப் பணக்கார வீடுகளில் இந்தப் பூச்சுக்கு இன்று ஏக மவுசு. செட்டிநாட்டுக்காரர்கள் சோப்புக்குப் போகாமல் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பை மெருகேற்றிச் சாதித்தார்கள். இன்றும் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கை கிடைத்தால் விடாதீர்கள். தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு முட்டையைக் குறை சொல்லவும் வேண்டாம்.

அப்படியானால் நம் பாட்டிமார் இந்தத் தண்ணியில் எப்படித்தான் தலை அலசினார்கள்? சீயக்காய்! அரப்பு! இவற்றில் நுரை தருவது சபோனின் என்ற பொருள். அது சோப்பு மாதிரி சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காகாது. உப்புத் தண்ணியிலும் தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடும். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள் பாருங்கள்.

பழைய வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் பூசிய அந்த இளஞ்சிவப்புப் பூச்சும் முல்லைப் பெரியாறு அணையும் ஒரே ஜாதி, தெரியுமா? இரண்டிலும் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும். வெறும் சுண்ணாம்பு காற்றில்தான் இறுகும். செங்கல் பொடி சேர்ந்துவிட்டால் தண்ணிக்குள்ளேயே இறுகும். பென்னிகுயிக் 1895-ல் கட்டி முடித்த அணையை அதை நம்பித்தான் நிறுத்தினார்கள்.

அடுத்தது மண். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் கைவிடும் அளவுக்குப் பிளக்கும். இதற்கு என்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடிப்பக்கம் அகன்ற ஒரு தனி வகை அஸ்திவாரத் தூணை உருவாக்கியது. அப்படிப்பட்ட மண்ணில், வீட்டை ஒட்டிக் குளித்த தண்ணியைத் தேங்கவிட்டால்? ஒரு பக்கம் ஊதி, மறு பக்கம் காய்ந்து, சுவர் குறுக்கே விரிசல் விடும். பழைய வீடுகளில் குளிக்கிற இடம் ஏன் புறவாசலில் தள்ளி இருந்தது என்று இப்போது புரிகிறதா? பனையோலைத் தட்டி மறைப்பு, நடுவில் கல், கல்லிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்கால் முடிவில் வாழையோ தென்னையோ. ஆசாரம் ஒரு காரணமாக இருக்கலாம், அஸ்திவாரம் அதைவிடப் பெரிய காரணம். இன்று வீட்டுக்குள்ளேயே கட்டினாலும் தண்ணியைக் குழாய் போட்டுச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள்.

வெந்நீருக்கு வருவோமா? எவர்சில்வரைவிடச் செம்பு எத்தனை மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் தெரியுமா? சுமார் 25 மடங்கு! செம்பு பாய்லரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? நட்டநடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், அதன் அடியில் சல்லடைத் தட்டு. குழாய்க்குள் நாலு சிரட்டையும் ஒரு பிடி கரியும் போட்டுப் பற்றவைத்தால் நெருப்பைச் சுற்றித் தண்ணி. வெப்பம் வெளியே ஓட வழியில்லாமல் தண்ணிக்குள்தான் போயாக வேண்டும். பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகு, திறந்தால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ரஷ்யாக்காரர்கள் டீ போடுகிற சமோவாரும், நம் டீக்கடை பாய்லரும் இதே சூத்திரம்தான். போதாக்குறைக்குச் செம்பின் மேல் பட்ட கிருமிகள் தாமாகவே செத்துப்போகும். இதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் பதிவு செய்து, செம்புக் கலவை உலோகங்களுக்கு அங்கீகாரமே கொடுத்தது. நம் ஆட்கள் அதற்கு முந்தியே அண்டாவைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டார்கள்.

விறகுக்குப் பஞ்சமா? வேலிக்காத்தான் இல்லாத காடு இந்த மாவட்டத்தில் உண்டா? 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை வெட்டித் தள்ளச் சொன்னது. உப்புத் தண்ணி பாய்லருக்குள்ளும் வெள்ளையாகப் படியும், புளியைப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கெய்சருக்குள் படிந்தால் புளியோடு உள்ளே போக முடியுமா?

இரண்டு எச்சரிக்கை. கதவடைத்த குளியலறைக்குள் கரி பாய்லரை வைக்கவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே முடித்துவிடும். பாய்லர் வெளியே, தாழ்வாரத்தில் இருக்கட்டும். இன்னொன்று, செம்பு அண்டாவுக்குள் கரன்ட் ராடைப் போடாதீர்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற சாதனம் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதிக்கு மட்டுமே உரிய ஒரு சங்கதியும் உண்டு. எந்த டிசைன் புத்தகத்திலும் அது இராது. பட்டாசு ஆபீஸில் மருந்து அறையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் மேலில் ஒட்டியிருப்பது வெறும் அழுக்கு இல்லை. வெள்ளி நிற அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு. வெடியுப்பு தண்ணியில் கரைந்து ஓடிவிடும். மற்ற இரண்டும் கரையாது, தேய்த்துத்தான் போக வேண்டும். அந்தத் துணியோடு எரிகிற பாய்லர் பக்கத்தில் போய் நிற்கலாமா? இந்த மண்ணில் நெருப்பு என்ன செய்யும் என்று யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே பிளான் போடும்போதே இரண்டு இடமாகப் பிரியுங்கள். வாசலிலிருந்து வீட்டுக்குள் நுழையாமலே போகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு துவைகல்லும் குழாயும். வேலைத் துணியை அங்கேயே கழற்றி, ஏராளமாகத் தண்ணி விட்டு அலசட்டும். பாய்லரும் அடுப்பும் வீட்டின் மறுகோடியில். அந்தத் துணி அலசிய தண்ணியை மட்டும் கீரைப் பாத்திக்குத் திருப்ப வேண்டாம். பாரம்பரியம் என்று தூண் நிறுத்துவதைவிட இந்த ஒரு துவைகல் உயர்வு என்பேன்.

நகரத்து மனிதருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று இந்தியத் தரவிதி கணக்குப் போட்டது. அதில் குளிக்க மட்டும் எவ்வளவு தெரியுமா? 55 லிட்டர். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து எவ்வளவு தெரியுமா? அதே 55 லிட்டர்! நகரத்தார் குளித்து முடிக்கிற தண்ணியில் கிராமத்தார் ஒரு நாளையே ஓட்ட வேண்டும். இந்த அநியாயத்தை நினைத்துக்கொண்டே ஷவர் விலையைப் பாருங்கள். குற்றாலத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, பக்கெட்டும் செம்பும் போதும்.

ஆனால் வானம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அது விழுந்து, அஞ்சில் ஒரு பங்கு வீணானாலும் கிட்டத்தட்ட 60,000 லிட்டர் தேறும். ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்தாலும் மூன்று பேர் வருஷம் முழுக்கக் குளிக்கலாம்! அதைவிட முக்கியம், மழைத் தண்ணியில் சுண்ணாம்பே கிடையாது. தொட்டியில் பிடித்து மூடிவைத்துத் தலைக்கு ஊற்றிப் பாருங்கள், அதே சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கும்.

ஆண்டாளுக்கு எண்ணெய்க் குளியல் எங்கே நடக்கிறது தெரியுமா? இதே மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில்! மார்கழியில் நீராட்ட உற்சவம். திருமுக்குளத்துக் கரையில் இருக்கிற நீராட்ட மண்டபத்துக்கு ஆண்டாள் எழுந்தருள, மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் எண்ணெய்க் காப்பு நடக்கும். நல்லெண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர் மாவட்டத்தில் தெய்வமே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறது, நாம் தீபாவளிக்கு ஒரு சொட்டு உச்சியில் வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறோம்.

இன்னும் இருக்கிறது, மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன். மொகஞ்சதாரோப் பெருங்குளத்தின் செங்கற்களுக்கு இடையே தண்ணி கசியாமலிருக்க அன்றே தார் பூசியிருந்தார்கள். கீழடியில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. திருகோணமலை கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு! யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் உப்புக் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றுக் கேணி. குளியலறைக்குள் சாக்கடை நாற்றம் வராமல் தடுக்கிற வளைந்த குழாய்க்கு லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கியது 1775-ல். அந்த வளைவில் தேங்கி நிற்கிற ஒரு கை நீரே காவல். ஊருக்குப் போய்ப் பல நாள் பூட்டிக்கிடந்த வீட்டில் நாற்றம் வந்தால் பதறாதீர்கள், வளைவு காய்ந்திருக்கும், ஒரு செம்புத் தண்ணி ஊற்றினால் தீர்ந்தது.

கட்டப் போகிறீர்களா? டைல்ஸ் கடைக்கும் கொத்தனாரிடமும் போவதற்கு முன் ஒரு சுத்தமான பாட்டிலில் உங்கள் போர்த் தண்ணியைப் பிடித்துக்கொண்டு விருதுநகரில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். கடினத்தன்மை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அந்த எண் 600-ஐத் தாண்டியிருந்தால் கெய்சருக்கு ஒதுக்கிய பணத்தை மழைநீர்த் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.